இருமல் முதல் குணம் வரை: காசநோயாளியைத் தொடர்ந்த எழுபது ஆண்டுகள்

காசநோய்க்கு மருந்து உண்டு. அரசு மருத்துவமனையில் காசு வாங்காமல் தருகிறார்கள். ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டால் பெரும்பாலானவர்களுக்கு முழுக்கக் குணமாகிவிடும். ஆரம்ப சுகாதார நிலையங்களின் சுவரில் காணும் இந்த மூன்று சேதிகளும் உண்மைதான். ஆனாலும் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023-இல் மட்டும் உலகில் 1 கோடியே 8 லட்சம் பேரை இந்நோய் புதிதாகப் பிடித்தது. பன்னிரண்டரை லட்சம் பேர் இறந்தார்கள். நோய் கண்டவர்களில் நான்கில் ஒருவர் இந்தியர்.

மருந்து இருந்தும் ஏன் சாகிறார்கள்? 2016-இல் வெளியான ஓர் ஆய்வு இந்தக் கேள்வியைப் படிப்படியாகப் பிரித்துப் பார்த்தது. 2013-இல் இந்தியாவில் காசநோயோடு இருந்தவர்கள் சுமார் 27 லட்சம் பேர். அவர்களை 100 பேர் என்று வைத்துக்கொண்டால், அரசுத் திட்டத்தின் பரிசோதனை மையம்வரை வந்தவர்கள் 72 பேர். வந்தவர்களில் நோய் இன்னதென்று சரியாகக் கண்டறியப்பட்டவர்கள் 60 பேர். சிகிச்சைக்குப் பதிவானவர்கள் 53. சிகிச்சையை முடித்தவர்கள் 45. முடித்து ஓராண்டு வரை நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 39. தனியார் மருத்துவரிடம் போனவர்கள் இந்தக் கணக்கில் முதல் படியிலேயே உதிர்ந்துவிடுகிறார்கள் என்பதைக் கழித்துப் பார்த்தாலும், ஒவ்வொரு படியிலும் ஆட்கள் குறைந்துகொண்டே போவது தெளிவு.

இந்தப் படிகளில் பெரும்பாலானவை புது மருந்துக்காகக் காத்திருப்பவை அல்ல. இருமுகிறவரைச் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவது, முடிவு வந்ததும் ஆளைத் தேடிப் பிடிப்பது, மாத்திரை தீருவதற்குள் அடுத்ததைக் கொண்டுசேர்ப்பது, எடை ஏறுகிறதா என்று பார்ப்பது, வீட்டில் இருக்கும் மற்றவர்களைச் சோதிப்பது என எல்லாமே உள்ளூர்க் காரியங்கள். அந்தக் காரியங்களின் வரலாற்றைத் தமிழ்நாட்டையும் அதன் அக்கம்பக்கத்தையும் வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. உலகம் இன்று பின்பற்றும் காசநோய்ச் சிகிச்சை முறையின் அடிப்படைகள் சில சென்னையில்தான் சோதிக்கப்பட்டன. அந்தச் சோதனைகள் சொன்னதில் பாதியைத்தான் நாம் காதில் வாங்கிக்கொண்டோம் என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

சானடோரியமும் சேத்துப்பட்டும்

மருந்து வராத காலத்தில் காசநோய்ச் சிகிச்சை என்பது காற்று, ஓய்வு, சாப்பாடு ஆகிய மூன்றும்தான். மதனப்பள்ளி அருகே மிஷனரிகள் நடத்திய ஆரோக்கியவரமும், 1928-இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியமும் அந்த நம்பிக்கையில் எழுந்தவை. தாம்பரத்தில் அந்தப் பெயர் ரயில் நிலையத்துக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசினும் பாஸ் மருந்தும், 1952-இல் ஐசோநியாசிடும் வந்தபோது நிலைமை தலைகீழானது. இப்போது மருந்து இருந்தது, படுக்கைதான் இல்லை. நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஈடாகச் சானடோரியம் கட்ட இந்தியாவைப் போன்ற நாட்டால் எந்தக் காலத்திலும் முடியாது. வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் என்ன என்ற யோசனை எழுந்தது. வீட்டில் இருப்பவர்களுக்குத் தொற்றிவிடாதா என்ற பயமும் கூடவே எழுந்தது.

இதைத் தீர்க்கவே 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து சென்னை சேத்துப்பட்டில் ஒரு மையம் அமைத்தன. வாலஸ் ஃபாக்ஸ் அதன் முதல் இயக்குநர். நகரத்தின் ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் ஓராண்டு சானடோரியத்தில் இருந்தார்கள். மறு பிரிவினர் தங்கள் நெருக்கடியான வீடுகளிலேயே இருந்தார்கள். இருவருக்கும் ஒரே மருந்துகள். சானடோரியத்தில் நல்ல சாப்பாடும் ஓய்வும் கிடைத்தன. வீட்டில் இரண்டும் குறைவு. ஆண்டு முடிவில் சானடோரியத்தில் 92 விழுக்காட்டினருக்கும் வீட்டில் 86 விழுக்காட்டினருக்கும் கிருமி அடங்கியிருந்தது. பெரிய வித்தியாசம் இல்லை. ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்ததில், வீட்டில் சிகிச்சை பெற்றவரின் குடும்பத்தினருக்கு நோய் கூடுதலாக வந்துவிடவும் இல்லை. 1959 தொடங்கி வெளியான இந்த முடிவுகள் உலகெங்கும் சானடோரியங்களின் காலம் முடிந்ததற்கு ஒரு முக்கியக் காரணம். அந்த மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

ஆனால் அந்த ஆய்வில் "வீட்டில் சிகிச்சை" என்பது என்னவாக இருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். மாத்திரைப் பொட்டலத்தைக் கொடுத்து "போய் வாருங்கள்" என்று அனுப்பியது அல்ல அது. நோயாளி வாரந்தோறும் மையத்துக்கு வந்து மருந்து வாங்கினார். பணியாளர்கள் வீட்டுக்குப் போனார்கள். சொல்லாமல் கொள்ளாமல் போய், மீதி மாத்திரையை எண்ணினார்கள். மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்க்கச் சிறுநீரைச் சோதித்தார்கள். குடும்பத்தில் எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். இத்தனைக்கும் பிறகும் கணிசமானவர்கள் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்பதை ஃபாக்ஸ் கண்டார். பாஸ் மருந்தோ தினமும் பல கிராம் விழுங்க வேண்டியது, வயிற்றைப் புரட்டுவது. வாரம் இருமுறை மட்டும் பணியாளர் கண்முன்னே மருந்து கொடுக்கும் சோதனை 1960-களின் முதல் பாதியில் இதே மையத்தில் நடந்தது. பிற்காலத்தில் "டாட்ஸ்" என்ற பெயரில் உலகம் முழுக்கப் போன நேரடிக் கண்காணிப்பு முறையின் வேர் இங்கே இருக்கிறது.

ஆக, சென்னை ஆய்வு இரண்டு செய்திகளைச் சொன்னது. வீடு போதும் என்பது ஒன்று. வீட்டுக்குப் போக ஆள் வேண்டும் என்பது மற்றொன்று. முதல் செய்தி செலவைக் குறைத்தது, எனவே அரசுகள் உடனே எடுத்துக்கொண்டன. இரண்டாவதற்குச் செலவு உண்டு.

வந்தவரைத் திருப்பி அனுப்பியது யார்?

1959-இல் பெங்களூரில் தேசிய காசநோய் நிறுவனம் தொடங்கியது. 1962-இல் வந்த தேசியத் திட்டம், மாவட்டத்துக்கு ஒரு காசநோய் மையம் என்று வகுத்துக்கொண்டது. கிராமத்து மக்களுக்கு விழிப்புணர்வு கிடையாது, இருமிக்கொண்டே வீட்டில் கிடப்பார்கள், ஆகையால் வண்டியில் எக்ஸ்ரே கருவியை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டும் என்று பலரும் நம்பிய நேரம் அது. தேபாபர் பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் கர்நாடகத்தின் துமகூரு மாவட்டக் கிராமங்களில் இந்த நம்பிக்கையைச் சோதித்தார்கள். 1963-இல் வெளியான அவர்கள் ஆய்வின்படி, காசநோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குத் தங்கள் உடம்பில் ஏதோ சரியில்லை என்பது தெரிந்தே இருந்தது. ஏறக்குறைய பாதிப் பேர் அதற்காக அரசு மருத்துவமனைக்குப் போயும் இருந்தார்கள். அங்கே சளியைச் சோதிக்கவில்லை. இருமல் மருந்து ஒரு பாட்டில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

இந்தியப் பொதுச் சுகாதார வரலாற்றில் இதைவிடச் சங்கடமான கண்டுபிடிப்பு குறைவு. குற்றம் அறியாமையுடையது அன்று, வரவேற்புடையது. பாட்டிலின் இடத்துக்கு இன்று ஆன்ட்டிபயாட்டிக் மாத்திரை வந்திருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை என்ற விதியைச் செவிலியர் முதல் மருந்துக் கடைக்காரர் வரை ஒப்பிக்கிறார்கள். ஆயினும் புறநோயாளிகள் வரிசையில் நூறு பேர் நிற்கும்போது, மருத்துவர் ஒருவருக்கு ஒதுக்கும் இரண்டு நிமிடத்தில் அந்தக் கேள்வி நழுவிவிடுகிறது. கேட்டுவிட்டாலும் வேலை அதோடு முடிவதில்லை. காலையில் எழுந்ததும் ஆழ இருமி எடுக்கும் சளி வேண்டும். டப்பாவைக் கொடுக்கும்போது இதை விளக்கிச் சொல்லாவிட்டால் உமிழ்நீர்தான் வரும். உமிழ்நீரில் கிருமி தெரியாது. "இல்லை" என்று முடிவு வரும். நோயாளி நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்.

பழைய நுண்ணோக்கிச் சோதனையில் நோயாளிகளில் பாதிப் பேர் தப்பிவிடுவார்கள். கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வந்த சிபிநாட், கோவாவின் மோல்பயோ நிறுவனம் உருவாக்கிய ட்ரூநாட் ஆகிய மூலக்கூறு சோதனைகள் இந்தக் குறையைப் பெரிதும் போக்கியுள்ளன. இரண்டொரு மணி நேரத்தில் கிருமி உண்டா என்பதோடு, முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் அதன்மீது வேலை செய்யுமா என்பதும் தெரிந்துவிடும். ட்ரூநாட் மின்கலத்தில் இயங்குவதால் வட்டார மருத்துவமனைக்கும் கொண்டுபோக முடிகிறது. கருவி எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், டப்பாவில் சரியான சளி வந்தால்தான் அது பேசும்.

செங்கல்பட்டின் பாடம், திருவள்ளூரின் கணக்கு

குறுக்குவழி ஒன்று உண்டா என்று பார்த்த முயற்சியும் தமிழ்நாட்டில்தான் நடந்தது. 1968-இல், அப்போதைய செங்கல்பட்டு மாவட்டத்தில், ஏறத்தாழ இரண்டு லட்சத்து அறுபதாயிரம் பேரை உட்படுத்திப் பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை தொடங்கியது. உலகில் நடந்த தடுப்பூசிச் சோதனைகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்று அது. ஏழரை ஆண்டிலும் சரி, பதினைந்து ஆண்டு தொடர்ந்து பார்த்தபோதும் சரி, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைப் பி.சி.ஜி. தடுக்கவில்லை. குழந்தைகளுக்கு மூளையுறையைத் தாக்கும் கொடிய காசநோயிலிருந்து பாதுகாப்புத் தருவதால் பிறந்தவுடன் அதைப் போடுவது தொடர்கிறது. ஆனால் ஊசி போட்டே நோயை ஒழித்துவிடலாம் என்ற கனவு செங்கல்பட்டில் முடிந்தது. மிஞ்சியது, நோயாளியைக் கண்டுபிடித்துக் குணப்படுத்தித் தொற்றை நிறுத்தும் நீண்ட வழி.

அந்த வழியும் சரியாக நடக்கவில்லை என்பதை 1992-இல் நடந்த மறுஆய்வு காட்டியது. சிகிச்சை தொடங்கியவர்களில் பாதிப் பேர்கூட முடிக்கவில்லை. இதன் பிறகே டாட்ஸ் முறையோடு திருத்தப்பட்ட தேசியத் திட்டம் வந்தது. 1997 தொடங்கி விரிவாகி, 2006-இல் நாடு முழுவதையும் எட்டியது. 1999 முதல் திருவள்ளூர் மாவட்டத்தின் ஐந்து வட்டாரங்களில் டாட்ஸ் சிகிச்சை நடந்தது; அதோடு கூடவே, சிகிச்சையால் ஊரில் நோய் குறைகிறதா என்று வீடு வீடாகக் கணக்கெடுப்பும் நடந்தது. இப்படி இரண்டும் ஒருசேர நடந்த இடங்கள் உலகிலேயே அபூர்வம். முதல் ஐந்தாறு ஆண்டுகளில் கிருமி உறுதியான நோயாளிகளின் விகிதம் லட்சத்துக்கு 600-ஐ ஒட்டியிருந்ததிலிருந்து சுமார் 300-க்கு இறங்கியது. ஆண்டுக்கு ஏறத்தாழ 12 விழுக்காடு வீழ்ச்சி. டாட்ஸ் வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

ஆனால் அடுத்து நடந்த கணக்கெடுப்பில் விகிதம் மறுபடி ஏறியிருந்தது. மருந்தில் மாற்றம் இல்லை, திட்டமும் நிற்கவில்லை. மாத்திரையால் ஒரு மட்டம்வரை நோயை இறக்க முடியும். அதற்குக் கீழே இறங்க விடாமல் வேறு ஏதோ பிடித்துக்கொண்டிருக்கிறது என்றே இதைப் படிக்க வேண்டியிருக்கிறது. அந்த வேறு ஏதோ என்ன என்பதற்கு உணவுத் தட்டு, நீரிழிவு, குடி, சிகரெட், நெருக்கடியான வீடு என்று விடைகள் நிறைய. இவை எதுவும் காசநோய்த் துறையின் பதிவேட்டில் அப்போது முக்கிய இடம் பெற்றிருக்கவில்லை.

மாத்திரையை எண்ணுவதும் மனிதரைத் தொடர்வதும்

டாட்ஸ் முறையில் வாரம் மூன்று நாள், அங்கன்வாடிப் பணியாளரோ கிராம சுகாதார செவிலியரோ பக்கத்துக் கடைக்காரரோ கண்முன்னே மாத்திரை கொடுக்க வேண்டும். ஏட்டில் நன்றாக இருந்த இந்த ஏற்பாடு, விடிகாலையில் வேலைக்குப் போகும் கட்டடத் தொழிலாளிக்குக் கூலி இழப்பு. மருந்துக்காக ஒரு வீட்டு வாசலில் வாரம் மூன்று முறை நிற்பதைப் பார்க்கும் தெரு, காரணத்தை விரைவில் கண்டுபிடித்துவிடும். கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பெண்ணுக்கு இது சின்ன விஷயம் இல்லை. பதிவேட்டில் தவறான முகவரி கொடுப்பதும், சொந்த ஊரை விட்டுப் பக்கத்து வட்டத்தில் பரிசோதனை செய்துகொள்வதும் பெரும்பாலும் இந்தப் பயத்தால்தான்.

அனுபவமுள்ள சிகிச்சை மேற்பார்வையாளர்கள் இதை அறிவார்கள். துறை எழுத்து இருக்கும் வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து போகிறார்கள். வாசலில் நோயின் பெயரைச் சொல்வதில்லை; "ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறோம், ஒரு கையெழுத்து வாங்கணும்" என்று உள்ளே போகிறார்கள். கிடைக்காத ஆளைத் தேட, பழைய கைபேசி எண்ணில் எடுத்துப் பேசும் மைத்துனரிடம், விவரம் எதையும் வெளியே சொல்லாமல், ஆள் இருக்கும் இடத்தை மட்டும் கேட்டு வாங்கத் தெரிந்திருக்க வேண்டும். எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இல்லாத இந்த நுட்பத்தில்தான் சோதனைக்கும் சிகிச்சைப் பதிவுக்கும் நடுவே தவறிப்போகும் ஆட்கள் திரும்பக் கிடைக்கிறார்கள்.

2017-இல் வாரம் மூன்று நாள் முறை போய், தினசரி மருந்து முறை வந்தது. பல மருந்துகள் சேர்ந்த ஒரே மாத்திரை, உடல் எடைக்கு ஏற்ற எண்ணிக்கை. கண்காணிப்பின் சுமையைத் தொழில்நுட்பத்திடம் விடலாம் என்ற முயற்சியும் நடந்தது. "99 டாட்ஸ்" என்ற முறையில் மாத்திரை அட்டையைக் கிழித்தால் உள்ளே ஒளிந்திருக்கும் எண் தெரியும். அந்த எண்ணைக் கைபேசியில் இலவசமாக அழைத்தால் அன்றைய மருந்து சாப்பிட்டதாகக் கணக்கு. இது எவ்வளவு துல்லியம் என்று சென்னை, வேலூர், மும்பை நோயாளிகளிடம் ஆராய்ந்தார்கள். முன்னறிவிப்பின்றி வீட்டுக்குப் போய்ச் சிறுநீரில் ஐசோநியாசிட் இருக்கிறதா என்று சோதித்தார்கள். 1956-இல் சேத்துப்பட்டுப் பணியாளர்கள் செய்த அதே வேலை. மருந்து சாப்பிட்டவர்களில் பலர் அழைப்பு கொடுக்கவில்லை. சாப்பிடாத சிலர் கணக்கில் சாப்பிட்டவர்களாக இருந்தார்கள். கைபேசி யார் கையில் இருக்கிறது, யாருக்குச் சார்ஜ் இருக்கிறது, யார் பெயருக்கு மாற்றாள் அழைக்கிறார் என்பதெல்லாம் மென்பொருளுக்குத் தெரியாது. நேரில் போவதற்கு ஈடான வழியை இதுவரை எந்தச் செயலியும் தரவில்லை.

தனியார் வாசல்

இருமலோடு முதலில் போகும் இடம் பெரும்பாலும் அரசு மருத்துவமனை அல்ல. தெருமுனை மருந்துக் கடை, பிறகு மாலையில் திறக்கும் கிளினிக். 2012 மே மாதம் வரை, தனியார் மருத்துவர் காசநோயாளியைப் பற்றி அரசுக்குச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. அந்த ஆண்டுதான் அறிவிக்கை கட்டாயமானது. ரத்தத்தில் செய்யும் பயனற்ற சோதனைகளுக்குத் தடை வந்தது. நோயாளிகளை இணையத்தில் பதியும் "நிக்ஷய்" தளமும் தொடங்கியது. 2018-இல் அறிவிக்காமல் விடுவதைத் தண்டனைக்குரியதாக்கும் அறிவிப்பு வந்தது.

சட்டத்தைவிடத் தொடர்பு அதிகம் சாதித்திருக்கிறது. சென்னையில் 1999-இல் தொடங்கிய "ரீச்" அமைப்பு, தனியார் மருத்துவர்களிடம் போய், உங்கள் நோயாளியை நீங்களே பாருங்கள், அரசு மருந்தை நாங்கள் கொண்டுவந்து தருகிறோம் என்று பேசியது. மருத்துவருக்கு நோயாளி கைவிட்டுப் போகும் கவலை இல்லை. நோயாளிக்கு மருந்துச் செலவு இல்லை. அரசுக்குக் கணக்கு கிடைக்கிறது. பெருநகரத்தில் இந்த நடுவர் வேலை ஏன் தேவை என்பதற்கு ஒரு புள்ளிவிவரம் போதும். 2010-12-இல் சென்னை மாநகரில் நடந்த கணக்கெடுப்பில் கிருமி உறுதியான நுரையீரல் காசநோய் லட்சத்துக்கு 349 பேருக்கு இருந்தது. மருத்துவமனைகள் நிறைந்த ஊரில் இத்தனை பேர் கண்டுபிடிக்கப்படாமல் இருந்தார்கள்.

எடைத் தராசு

சென்னை ஆய்வின் மறுபக்கத்துக்கு இப்போது திரும்பலாம். சானடோரியத்தின் நல்ல சாப்பாடு இல்லாமலேயே வீட்டு நோயாளிகளின் கிருமி அடங்கியது என்பது சரியான கண்டுபிடிப்பு. ஆனால் காலப்போக்கில் அது "மருந்து போதும், சாப்பாடு இரண்டாம்பட்சம்" என்ற முடிவாக நீண்டுவிட்டது. ஆய்வு கேட்ட கேள்வி, மருந்து சாப்பிடுகிறவரின் கிருமியை உணவு பாதிக்கிறதா என்பது. பட்டினியால் ஒருவருக்கு நோய் வருகிறதா, எலும்பும் தோலுமாக வந்தவர் சிகிச்சையின் முதல் வாரங்களைத் தாண்டுகிறாரா என்பது வேறு கேள்வி. அதை அது கேட்கவில்லை. அரை நூற்றாண்டுக்கும் மேலாக யாரும் அதற்குரிய தீவிரத்தோடு கேட்கவும் இல்லை.

கேட்டபோது வந்த விடை 2023-இல் வெளியான "ரேஷன்ஸ்" ஆய்வு. அனுராக் பார்கவா, மாதவி பார்கவா தலைமையில், சென்னையின் அதே காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் பங்கேற்போடு, ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் அது நடந்தது. 2,800 நோயாளிகளுக்கு மாதம் பத்துக் கிலோ உணவுப்பொருள்: அரிசி, பருப்பு, பால்பொடி, எண்ணெய், கூடவே சத்து மாத்திரை. ஒரு பகுதிக் குடும்பங்களில் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் உணவு கொடுத்தார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்ப உறுப்பினர்களைத் தொடர்ந்து பார்த்ததில், உணவு பெற்ற வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைவு. தொற்றும் வகை 48 விழுக்காடு குறைவு. நோயாளிகளில், முதல் இரண்டு மாதத்தில் 5 விழுக்காடு எடை ஏறியவர்களுக்கு இறப்பு அபாயம் 61 விழுக்காடு குறைந்திருந்தது. அறுபது ஆண்டாகத் தேடிய தடுப்பு முறைகளில் ஒன்று ரேஷன் கடையில் இருந்திருக்கிறது.

தமிழ்நாடு இதை இறப்பின் பக்கமிருந்து அணுகியது. ஆண்டுக்கு ஏறத்தாழ 90,000 பேர் நோயாளிகளாகப் பதிவாகும் இம்மாநிலத்தில், இறப்புகளில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள் நிகழ்ந்தது. மருந்து வேலை செய்யத் தொடங்கும் முன்பே உடம்பு கைவிட்டுவிடுகிறது என்று பொருள். 2022 ஏப்ரலில் தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தின் துணையோடு "காசநோய் இறப்பிலாத் திட்டம்" தொடங்கியது. நோய் கண்டறியப்பட்ட அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் சில விஷயங்களைப் பார்க்கிறார்: உயரத்துக்கு ஏற்ற எடை, காலில் வீக்கம், நிமிடத்துக்கு மூச்சு எத்தனை, விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா. உடல் நிறை குறியீட்டெண் 14-க்குள் இருந்தாலோ, 16-க்குள் இருந்து காலும் வீங்கியிருந்தாலோ, மூச்சு 24-ஐத் தாண்டினாலோ, ஆக்சிஜன் 94-க்குக் கீழே போனாலோ, நிற்க முடியாவிட்டாலோ அவரை மருத்துவமனையில் சேர்த்து முழுமையாகப் பார்க்க வேண்டும்.

இதில் புதுக் கருவி எதுவும் இல்லை. தராசு, அளவு நாடா, கடிகாரம், கொரோனா காலத்தில் எல்லா நிலையங்களுக்கும் வந்துசேர்ந்த ஆக்சிஜன் மானி, அவ்வளவுதான். மாநிலம் முழுவதற்குமாக இத்தகைய முறையை வழக்கமான பணியாளர்களைக் கொண்டே நடத்திக் காட்டியதுதான் இதன் சிறப்பு. சானடோரியம் மூடப்பட்டபோது மறந்துபோன ஓர் உண்மையும் இதனால் மீண்டும் ஏற்கப்பட்டது: எல்லோருக்கும் படுக்கை தேவையில்லை, ஆனால் சிலருக்குப் படுக்கை இல்லாவிட்டால் உயிர் போய்விடும்.

மத்திய அரசும் 2018 ஏப்ரல் முதல் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் ஊட்டச்சத்து உதவி கொடுத்து, 2024 நவம்பரில் அதை 1,000 ரூபாயாக்கியது. பணம் வங்கிக் கணக்குக்குப் போகிறது. கணக்கு இல்லாதவர், ஆதார் இணைக்காதவர், வேறு மாநிலத்திலிருந்து வந்த தொழிலாளி ஆகியோருக்குத்தான் அது தாமதமாகிறது. மிக அதிகமாகத் தேவைப்படுகிறவர்களும் இவர்களே. தேவைப்படும் மாதம் முதல் மாதம். அந்த மாதத்தில் கையில் கிடைக்கும் அரிசிக்கும் நான்காம் மாதத்தில் வரும் பணத்துக்கும் வித்தியாசம் உண்டு.

இருமாதவர்கள், வீட்டிலிருப்பவர்கள்

2019-21-இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பு இன்னொரு சிக்கலைத் திறந்தது. அறிகுறி இருந்தவர்களில் ஏறக்குறைய 64 விழுக்காட்டினர் எங்கேயும் சிகிச்சைக்குப் போகவில்லை. துமகூரில் போய்த் திருப்பி அனுப்பப்பட்டார்கள்; இப்போது போகாமலே இருக்கிறார்கள். இதைவிட முக்கியமாக, கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகளில் சுமார் 43 விழுக்காட்டினரை மார்பு எக்ஸ்ரே எடுத்ததால்தான் கண்டுபிடிக்க முடிந்தது. அறிகுறியை மட்டும் கேட்டிருந்தால் அவர்கள் தப்பியிருப்பார்கள். இருமுகிறவரைத் தேடுவது என்ற திட்டத்தின் அடித்தளமே இங்கே ஆட்டம் காண்கிறது. கையில் தூக்கிச் செல்லும் எக்ஸ்ரே கருவிகள், படத்தைப் படித்துச் சொல்லும் மென்பொருள், சென்னையின் குடிசைப் பகுதிகளிலும் தொழிற்கூடங்களிலும் நிற்கும் எக்ஸ்ரே வண்டிகள் எல்லாம் இதற்கான பதில்கள். 1960-களில் வேண்டாம் என்று ஒதுக்கிய வண்டி வேறு காரணத்துக்காகத் திரும்பி வந்திருக்கிறது.

எங்கே தேடுவது என்பதற்கும் தடயங்கள் உண்டு. 2012-இல் வெளியான ஆய்வில், தமிழ்நாட்டின் காசநோயாளிகளில் நான்கில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இன்னும் நான்கில் ஒருவர் அதன் விளிம்பில் இருந்தார். "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் சர்க்கரைக்கு மாத்திரை கொடுக்க வீட்டுக்கே போகும் பணியாளர், இருமலையும் எடைக்குறைவையும் சேர்த்துக் கேட்டால் கூடுதல் செலவு சொற்பம். அதைப்போலவே, நோயாளியின் வீட்டிலிருப்பவர்களுக்கு நோய் வருமுன் தடுக்கும் மருந்தும் இப்போது உண்டு. ஆறு மாதம் தினமும் சாப்பிடும் ஐசோநியாசிட், அல்லது வாரம் ஒருமுறை வீதம் பன்னிரண்டு தவணை. உடம்புக்கு ஒன்றும் இல்லாதவரை மருந்து சாப்பிடச் சொல்வது எளிதல்ல. இதிலும் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசும் ஆள்தான் முடிவைத் தீர்மானிக்கிறார்.

எதை எண்ண வேண்டும்?

2018-இல் பிரதமர், உலகம் குறித்துக்கொண்ட 2030-க்கு ஐந்தாண்டு முன்பாகவே, 2025-இல் காசநோயை இந்தியா ஒழிக்கும் என்று அறிவித்தார். புதிய நோயாளிகள் லட்சத்துக்கு 44 ஆகக் குறைய வேண்டும் என்பது இலக்கு. 2015-இல் 237 ஆக இருந்தது 2023-இல் 195 ஆகியிருந்தது. உலகச் சராசரியைவிட வேகமான இறக்கம் என்பது பாராட்டத் தக்கது. இலக்குக்கு அருகில்கூட இல்லை என்பதும் உண்மை. இடையில் 2024 தொடக்கத்தில் மருந்துத் தட்டுப்பாடு வந்து, மாநிலங்கள் தாங்களே வாங்கிக்கொள்ள வேண்டிய நிலையும் ஏற்பட்டது. ஒருநாளும் விடக்கூடாது என்று நோயாளியிடம் சொல்லும் திட்டம், தன் கையிருப்பு தீர விட்டது. கள வேலையைத் தாங்கும் மேற்பார்வையாளர்களும் ஆய்வகப் பணியாளர்களும் பெரும்பாலும் ஒப்பந்த ஊழியர்கள். தெருவைப் பழகிக்கொண்ட ஒருவர் வேலையை விட்டுப் போனால், அவரோடு முகவரிகளும் போய்விடும்.

மறுபுறம், நம்பிக்கைக்கும் இடமுண்டு. மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு இரண்டு ஆண்டு ஊசியும் மாத்திரையுமாக இருந்த சிகிச்சை, 2024-இல் இந்தியா ஏற்ற நான்கு மருந்துக் கூட்டால் ஆறு மாதமாகச் சுருங்கியிருக்கிறது. சோதனை விரைவாகியிருக்கிறது. உணவின் பங்கு நிரூபணமாகியிருக்கிறது. அறிவியல் தன் பங்கைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

குறை இருப்பது கணக்கில். இத்தனை காலமும் துறை பெருமையாகச் சொல்லிவந்த எண்கள் இரண்டு: எத்தனை பேரைப் பதிந்தோம், பதிந்தவர்களில் எத்தனை விழுக்காட்டினர் முடித்தார்கள். பதிவாகும் முன்பே தவறியவர் இந்த இரண்டிலும் இல்லை. முடித்தபின் நோய் திரும்பியவரும் இல்லை. 100-இலிருந்து 39-க்கு இறங்கும் படிகளை நாடு முழுமைக்கும் ஒருமுறை வரைவதைவிட, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் மாதந்தோறும் வரைவதே பயன் தரும். சோதனையில் நோய் உறுதியாகியும் ஏழு நாளுக்குள் மருந்து தொடங்காதவர் யார் யார்? முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறாதவர் எத்தனை பேர்? இறந்த ஒவ்வொருவரும் முதலில் எந்த வாசலுக்குப் போனார், அங்கே என்ன கொடுத்து அனுப்பினார்கள்? இதற்கான தரவு நிக்ஷய் தளத்திலும் சுகாதார நிலையப் பதிவேடுகளிலும் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கிறது. பிரசவத்தில் நேரும் ஒவ்வொரு தாயின் இறப்பையும் மாவட்ட அளவில் உட்கார்ந்து அலசும் வழக்கத்தால் தமிழ்நாடு அந்த இறப்பைக் கண்கூடாகக் குறைத்தது. காசநோய் இறப்புக்கும் அதே மேசையும் அதே கேள்விகளும் போதும். அந்த மேசையில் மாவட்டக் காசநோய்த் துணை இயக்குநரோடு, தெருவுக்குப் போய்வந்த ஒப்பந்த ஊழியரும் உட்கார வேண்டும், ஏனென்றால் கேள்விகளில் பாதிக்கு விடை அவரிடம் மட்டுமே இருக்கிறது.